பழைய காரில் ஓ.பி.டி ஸ்கேனர்: ஒரு மதிப்பீடு

டேஷ்போர்டுக்கு அடியில், ஸ்டியரிங் பக்கமாக இருக்கும் பதினாறு பின் சாக்கெட்டில் செருகி, ப்ளூடூத் வழியாகக் கைபேசியுடன் இணைத்துக்கொள்ளும் கார் கணினியின் தகவல்களைப் படித்துக் காட்டும் சிறிய ஓ.பி.டி ஸ்கேனரைப் பற்றியது இந்த மதிப்பீடு. இதை வாங்குவோரில் பலர், இன்ஜின் விளக்கு எரியும்போது கோடு (பழுதைக் குறிக்கும் குறியீட்டு எண்) என்ன என்று பார்த்துவிட்டு அதை அழிப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் வயதான பெட்ரோல் கார் ஒன்றில் இதைத் தொடர்ந்து பயன்படுத்தி வருபவன் என்ற முறையில், கோடு படிப்பது இந்தக் கருவியின் மிகச் சிறிய பயன் என்றும், அந்தக் கோடு எண்ணை மட்டுமே நம்பி பாகம் மாற்றுவது வீண்செலவுக்கு வழி என்றும் உறுதியாகச் சொல்வேன். இதன் அருமை, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அது காட்டும் நேரலை அளவுகளில் இருக்கிறது.

வாங்குவதற்கு முன் கார் பொருந்துமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஓ.பி.டி 2 முறை அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து கட்டாயமானது. ஐரோப்பாவில் அதற்கு இணையான முறை பெட்ரோல் கார்களுக்கு 2001 முதல் வந்தது. அதைவிடப் பழைய கார்களில் சாக்கெட்டே வேறு வடிவில் இருக்கலாம். கார்புரேட்டர் காருக்கு இது உதவாது.

கோடு எப்படித் திசைதிருப்பும் என்பதற்கு பி0171 நல்ல எடுத்துக்காட்டு. இன்ஜினுக்குள் போகும் காற்றுக்கு ஏற்ற அளவு பெட்ரோல் போகவில்லை என்பது மட்டுமே அதன் பொருள். ஆக்சிஜன் சென்சார்தான் அந்தக் குறையைக் கண்டுபிடித்துச் சொல்கிறது என்பதால், பலரும் அந்த சென்சாரையே மாற்றிவிடுகிறார்கள். சில நாள் கழித்து விளக்கு மறுபடி எரிகிறது. பழைய காரில் இதற்கு வெடித்த வேக்குவம் குழாய், உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ சென்சாரில் அழுக்கு, அடைத்துக்கொண்ட பெட்ரோல் ஃபில்டர், வலுவிழந்த பெட்ரோல் பம்ப் என்று பல காரணங்கள் இருக்கக்கூடும். இவற்றுள் எது என்பதைப் பிரித்தறிய உதவுவது ஃபியூயல் ட்ரிம் என்ற அளவு. இன்ஜினின் கணினி, வழக்கமான கணக்கைவிட எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ அனுப்புகிறது என்பதை அது காட்டுகிறது. பொதுவாகப் பத்து சதவீதத்துக்குள் ஏறி இறங்கினால் கவலைப்பட வேண்டியதில்லை.

என் காரில் ஐட்லிங்கில் (ஆக்சிலரேட்டரைத் தொடாமல் இன்ஜின் சும்மா ஓடும்போது) இந்த அளவு இருபது சதவீதத்தைத் தாண்டி நின்றது. ஆக்சிலரேட்டரை மெல்ல அழுத்தி 2500 ஆர்.பி.எம்முக்குக் கொண்டுபோனதும் கிட்டத்தட்டப் பூஜ்யத்துக்கு இறங்கிவிட்டது. ஐட்லிங்கில் இன்ஜின் உறிஞ்சும் மொத்தக் காற்றே குறைவு என்பதால், எங்கிருந்தோ திருட்டுத்தனமாக நுழையும் சிறிதளவு காற்றும் கணக்கைப் பெரிதாகக் குலைக்கும். காற்றை உள்ளே விடும் த்ராட்டில் திறந்தபின் அதே கசிவு பெருங்காற்றில் கரைந்துபோகும். எனவே தேட வேண்டியது காற்றுக் கசிவைத்தான் என்பது தெளிவாயிற்று. சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் இன்டேக் மேனிஃபோல்டின் பின்புறம் கைக்கு எளிதில் எட்டாத மூலையில், முழங்கை போல வளைந்த ரப்பர் குழாய் ஒன்றின் அடிப்பக்கம் பாளம் பாளமாக வெடித்திருந்தது. மேலிருந்து பார்த்தபோது பழுதில்லாதது போலத் தெரிந்த அந்தக் குழாய், விரலால் வளைத்ததும் வாய் பிளந்தது. குழாயை மாற்றியபின் அளவு தானாகவே இயல்புக்குத் திரும்பியது. ஆக்சிஜன் சென்சார் இன்றும் பழையதுதான். இதற்கு நேர்மாறாக, ஐட்லிங்கில் சரியாக இருந்து, மேடு ஏறும்போதோ வேகமெடுக்கும்போதோ அளவு உயர்ந்தால், பம்பையும் ஃபில்டரையும் சந்தேகிக்க வேண்டும்.

சூட்டுப் பிரச்சினையிலும் இதே பலன் உண்டு. பல கார்களில் டேஷ்போர்டின் வெப்ப முள், இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்டின் சூடு சற்று ஏறி இறங்கினாலும் நடுவிலேயே நிற்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. முள் எழும்போது நிலைமை முற்றியிருக்கும். ஸ்கேனரோ ஒவ்வொரு டிகிரியையும் காட்டுகிறது. நெரிசலில் நிற்கும்போது ஏறி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால் முதலில் ரேடியேட்டர் விசிறியைப் பார்க்க வேண்டும். நெடுஞ்சாலை வேகத்தில் ஏறினால் ரேடியேட்டர் அடைப்பையோ கூலண்ட் ஓட்டத்தையோ பார்க்க வேண்டும். நெடுந்தூரம் ஓடியும் எண்பது டிகிரியைத் தொடாமல் இறங்கிக்கொண்டே போனால், கூலண்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் திறந்த நிலையில் சிக்கியிருக்கக்கூடும். இன்ஜின் ஓடும்போது பேட்டரி மின்னழுத்தம் பொதுவாக 13.5 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும் என்பதால், பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் நிலையையும் இதிலேயே ஓரளவு அறியலாம்.

மிஸ்ஃபயர் (சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போவது) விஷயத்தில் கருவி பாதி வழிதான் கூட வரும். பி0302 என்றால் இரண்டாவது சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று பொருள். ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்குக்கும் மின்சாரம் தரும் தனித்தனி இக்னிஷன் காயில் உள்ள காரில், அந்தக் காயிலை மூன்றாவது சிலிண்டருக்கு மாற்றிப் பார்த்து, கோடு பி0303 ஆக இடம்பெயர்ந்தால் காயில்தான் குற்றவாளி என்று செலவின்றித் தெரிந்துகொள்ளலாம். காயிலும் ஸ்பார்க் பிளக்கும் இன்ஜெக்டரும் சரியாக இருந்தும் கோடு அங்கேயே நின்றால், சிலிண்டரின் அழுத்தத்தைக் கம்ப்ரஷன் கேஜ் கொண்டு அளப்பதே முறை. அழுத்தம் குறைவாக இருந்து, சிலிண்டருக்குள் சிறிது இன்ஜின் ஆயில் விட்டபின் அது உயர்ந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. உயராவிட்டால் வால்விலோ ஹெட் கேஸ்கெட்டிலோ கோளாறு இருக்கலாம். வேகத்தோடு கூடிக்கொண்டே போகும் வீல் பேரிங் முனகல், சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும், திருப்பத்தில் டக் டக்கென்று தட்டும் சி.வி. ஜாயின்ட், சைலன்சரில் வரும் நீலப் புகை ஆகியவை இந்தச் சாதாரண ஸ்கேனருக்குத் தெரியவே தெரியாது. பழைய காரில் பாதுகாப்பைத் தொடும் கோளாறுகளில் பெரும்பகுதி இந்த வகையைச் சேர்ந்தது. விளக்கு எரியவில்லை என்பதால் கார் நலம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது.

கருவியின் தரத்தைப் பொறுத்தவரை, காரின் கணினியோடு பேசுவதற்காகக் கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ் உருவாக்கிய இ.எல்.எம் 327 சிப்பின் நகல்களே சந்தையில் மலிந்து கிடக்கின்றன. பதிப்பு 1.5 என்று போட்டு விற்கப்படுபவை பல. அந்த எண்ணில் மூல நிறுவனம் எந்தப் பதிப்பையும் வெளியிட்டதே இல்லை. நகல் என்பதாலேயே உதவாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் சில நகல்களில் கட்டளைகள் விடுபட்டிருப்பதால் பழைய கார்களோடு இணைப்பு அறுந்து அறுந்து வரும். எனவே திருப்பிக் கொடுக்க வாய்ப்புள்ள இடத்தில் வாங்குவது நல்லது. மற்றொரு குறை, காரை அணைத்த பின்னும் இது சிறிதளவு மின்சாரம் இழுத்துக்கொண்டே இருக்கும். பல நாட்கள் நிறுத்திவைக்கும் காரில் கழற்றி வைக்க வேண்டும்.

கோடு அழிக்கும் பொத்தானை அவசரப்பட்டுத் தொட வேண்டாம். விளக்கு எரிந்த தருணத்தின் வேகம், சூடு, ஆர்.பி.எம் எல்லாம் ஃப்ரீஸ் ஃபிரேம் என்ற பதிவில் சேமிக்கப்பட்டிருக்கும். மெக்கானிக்குக் காட்ட வேண்டிய முக்கியச் சான்றான அதுவும் கோடுடன் சேர்ந்து அழிந்துவிடும். கூடவே, கணினியின் தன்சோதனைகள் முடிந்தனவா என்று காட்டும் ரெடினஸ் பட்டியலும் முதலிலிருந்து தொடங்கும். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் இந்தப் பட்டியலைத் தவறாமல் திறந்து பார்க்க வேண்டும்: கோடு ஒன்றுமில்லாமல், சோதனைகளில் பெரும்பாலானவை முடியாத நிலையில் இருந்தால், பேட்டரி அண்மையில் கழற்றப்பட்டதா அல்லது கோடுகள் அழிக்கப்பட்டனவா என்று விற்பவரிடம் கேட்டுவிட்டு, சில நாள் ஓடியபின் மீண்டும் வந்து பார்ப்பதாகச் சொல்லலாம்.