நோட் ஸ்ட்ரீமில் பெரிய ஃபைல் டவுன்லோடு: ரேம் சரி, பைப்தான் தலைவலி

பெரிய ஃபைல்களை டவுன்லோடுக்குக் கொடுக்கிற சர்வரை நோட்ஜேஎஸ்ஸில் (ஜாவாஸ்கிரிப்டை சர்வரில் ஓட்டும் மென்பொருள், சுருக்கமாக நோட்) எழுதலாமா, ரேம் தாங்குமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். நான் சில வருடங்களாக இதே வேலைக்குத்தான் அதை ஓட்டுகிறேன். ரேம் தாராளமாகத் தாங்கும்.

ரீட்ஃபைல் என்ற கட்டளையைப் போட்டு ஃபைலை முழுசாக மெமரிக்குள் இழுத்தால், ஒரு ஜிபி ஃபைலைப் பத்துப் பேர் கேட்கும்போது பத்து ஜிபி காலி. ஃபைலைத் துண்டுதுண்டாகப் படிக்கும் ஸ்ட்ரீமைத் தருகிற கிரியேட்ரீட்ஸ்ட்ரீம் ஒரு தடவைக்கு 64 கேபிதான் படிக்கும். எதிர்முனையில் நெட் மெதுவாக இருந்தால் துண்டை அனுப்பும் ரைட் அழைப்பு ஃபால்ஸ், அதாவது இப்போதைக்குப் போதும், என்று சொல்லும். தேங்கியது வடிந்துவிட்டது என்று சொல்லும் டிரெயின் ஈவென்ட் வரும்வரை டிஸ்க்கைத் தொடாமல் காத்திருக்கும். படிக்கும் ஸ்ட்ரீமை அனுப்பும் முனையோடு இணைக்கிற பைப் இதையெல்லாம் தானே பார்த்துக்கொள்கிறது. ஒருவர் மணிக்கணக்கில் இழுத்துக்கொண்டிருந்தாலும் அவருக்காக நோட் பிடித்துவைக்கும் மெமரி மிகச் சொற்பம். இந்த வடிவமைப்பை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

ஆனால் பாதியில் ஒருவர் கேன்சல் செய்தால் என்ன ஆகிறது? அங்கேதான் எனக்கு இன்றுவரை ஆத்திரம். கனெக்‌ஷன் அறுந்ததும் பைப் தன் பிடியை விட்டு ஒதுங்கிக்கொள்ளும். படித்துக்கொண்டிருந்த ஸ்ட்ரீமை மூடாது. திறந்த ஃபைல் திறந்தபடியே கிடக்கும். எரர் வராது, லாகில் ஒரு வரிகூட விழாது. டவுன்லோடு மேனேஜர்கள் ஒரே ஃபைலின் துண்டுகளை ரேஞ்ச் (எங்கிருந்து எங்குவரை வேண்டும் என்ற குறிப்பு) போட்டுப் பல கனெக்‌ஷனில் கேட்டு, நினைத்த நேரத்தில் அறுத்துவிடும். திறந்திருக்கும் ஃபைல்களைக் காட்டும் எல்எஸ்ஓஎஃப் கட்டளையை அடித்துப் பார்த்தால் எப்போதோ போய்விட்டவர்கள் கேட்ட ஃபைல்களின் பெயர் வரிசையாக நிற்கும். கடைசியில் ஈஎம்ஃபைல் எரர், அதாவது திறந்த ஃபைல்கள் வரம்பைத் தொட்டுவிட்டன. அதற்குமேல் புதிதாக ஒரு ஃபைலும் திறக்காது.

2018இல் பத்தாம் வெர்ஷனில் வந்த பைப்லைன் இதைச் சரிசெய்கிறது: ஒரு முனை போனால் எல்லாவற்றையும் மூடும். ஏற்கெனவே எழுதிய புரோகிராம்கள் உடையக்கூடாது என்றுதான் பைப்பை அப்படியே விட்டிருப்பார்கள், புரிகிறது. இருந்தும் பயனர் கேன்சல் செய்வது அன்றாடம் நடப்பது. பைப்லைனோ ஒவ்வொரு முறையும் ப்ரீமெச்சூர் க்ளோஸ் (முடியும் முன்பே மூடப்பட்டது) என்று எரர் தருகிறது. அதைத் தனியாக வடிகட்டாவிட்டால் நிஜமான எரர் லாகில் கண்ணில் படாது.

மெமரியைக் கண்காணிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. படித்த துண்டுகளை வைத்திருக்கும் பஃபர்கள் வி8 ஹீப்புக்கு (நோட்டின் ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சின் தன் பொருள்களை வைக்கும் மெமரிக்கு) வெளியே இருப்பவை. ஹீப்பின் அளவைச் சொல்லும் ஹீப்யூஸ்ட் அசையாமல் இருக்கும்போதே, நோட் பிடித்திருக்கும் மொத்த ரேமைச் சொல்லும் ஆர்எஸ்எஸ் ஏறிக்கொண்டிருக்கலாம். ஹீப்புக்கு வரம்பு வைக்கும் மேக்ஸ்-ஓல்ட்-ஸ்பேஸ்-சைஸைக் குறைத்துப் பலனில்லை. ஹீப்புக்கு வெளியே உள்ள மெமரியைச் சொல்லும் எக்ஸ்டெர்னல், அர்ரேபஃபர்ஸ் எண்களைப் பாருங்கள்.

சரி, முடிவு? இத்தனை புகழ்ந்த பிறகும், புதிதாக ஆரம்பிப்பவர் நோட் வழியாக ஃபைலை அனுப்ப வேண்டாம் என்பதுதான் என் பதில். நோட்டுக்கு முன்னால் எஞ்சின்எக்ஸ் என்ற வெப் சர்வர் இருந்தால் லாகின், அனுமதி மட்டும் நோட் பார்க்கட்டும். எக்ஸ்-ஆக்செல்-ரீடைரக்ட் ஹெட்டரில் பாதையைச் சொன்னால் ஃபைலை எஞ்சின்எக்ஸே அனுப்பிவிடும். நோட்தான் அனுப்புவேன் என்றால் எஞ்சின்எக்ஸின் ப்ராக்ஸி பஃபரிங்கை (நோட் தருவதை வாங்கித் தன்னிடம் சேர்த்துவைப்பது) கவனியுங்கள்: அது இயல்பாகவே ஆன், மெதுவான ஒவ்வொரு டவுன்லோடுக்கும் 1 ஜிபி வரை டெம்ப் ஃபைலாக டிஸ்கில் எழுதும். அப்புறம், ரீடைரக்ட் வழியில் போகிறவர்கள் எஞ்சின்எக்ஸ் செட்டிங்கில் அந்தப் பாதைக்கான லொகேஷன் பகுதியில் இன்டர்னல் (வெளியிலிருந்து நேராகக் கேட்க முடியாது) என்று போட்டிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் பாதை தெரிந்த யாரும் லாகின் இல்லாமலே எடுத்துவிடுவார்கள்.