கொச்சியிலிருந்து மசாலாச் சரக்கு எடுத்த பன்னிரண்டு வருடம்

"கொச்சியில நல்ல எக்ஸ்போர்ட்டர் ஒருத்தர் பேர் சொல்லுங்களேன்" என்று மாதத்துக்கு ஒருவராவது போன் போட்டுக் கேட்டுவிடுகிறார்கள். பெயரைச் சொல்வது ஒரு நிமிட வேலை. எனக்கு ஒத்துவருகிறவர் உங்களுக்கும் ஒத்துவருவாரா என்பதுதான் கேள்வி. அதனால் பெயர்களை விட்டுவிட்டு, நான் பட்டதை எழுதுகிறேன்.

நான் ஏற்றுமதியாளன் இல்லை. சித்தப்பா மகன் ஹாம்பர்க்கில் இந்திய, இலங்கைக் கடைகளுக்கு மொத்தமாகச் சரக்குப் போடுகிறான். மிளகு, ஏலக்காய், ஜாதிக்காய், ஜாதிபத்திரி, சுக்கு என்று வருடத்துக்கு மூன்று நான்கு கன்டெய்னர். இங்கே சரக்கைப் பார்த்து, முகர்ந்து, கடித்து, நிறுத்து, "ஏத்தலாம் தம்பி" என்று சொல்வது என் பொறுப்பு. 2013-இல் ஆரம்பித்தோம். கோவையில் காலை ரயில் ஏறினால் மதியச் சாப்பாடு எர்ணாகுளத்தில். இதுவரை எட்டுப் பேரிடம் சரக்கு எடுத்திருக்கிறோம். இன்று தொடர்வது இரண்டு பேரோடு.

முதலில் பெரிய பெயர்களைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் அங்கேதான் ஆரம்பிக்கிறார்கள். நானும் அப்படித்தான். கோலஞ்சேரிப் பக்கம் 1972-இல் தொடங்கிய சிந்தைட், அதே வட்டாரத்து பிளான்ட் லிப்பிட்ஸ், அங்கமாலியின் மானே கான்கோர், பிறகு ஏவிடி மெக்கார்மிக் எல்லாம் உலகச் சந்தையில் மதிப்புள்ள பெயர்கள். ஆனால் அவர்களில் பலருடைய பிழைப்பு ஓலியோரெசினில், அதாவது மிளகின் காரத்தையும் மணத்தையும் சாறாகப் பிரித்து எடுத்து உணவுத் தொழிற்சாலைகளுக்கு விற்பதில் இருக்கிறது. இல்லையென்றால் நீராவியில் கிருமி நீக்கி அரைத்த தூளை, வாங்குபவரின் தொழிற்சாலை கேட்கும் சல்லடைக் கண்ணளவில் கொடுப்பதில். ஒரே கன்டெய்னரில் ஐந்து விதச் சரக்கை முழுசாகக் கேட்கும் எங்களைப் போன்றவர்களுக்கு அங்கே வேலையில்லை. ஒரு பெரிய நிறுவனத்தில் மரியாதையாகக் காபி கொடுத்து, குறைந்தபட்ச அளவு எவ்வளவு என்று சொன்னார்கள். எங்களுடைய இரண்டு வருடக் கொள்முதல் அது. காபி நன்றாக இருந்தது.

வரவேற்பறையில் மசாலா வாரியத்தின் ஏற்றுமதி விருதுகளை வரிசையாக வைத்திருப்பார்கள். விருது பொய்யில்லை. ஆனால் அது எவ்வளவு அனுப்பினார்கள் என்று சொல்லுமே தவிர, எனக்கு எதை அனுப்புவார்கள் என்று சொல்லாது. என் கணக்கில், கோப்பைகள் அதிகமாக ஆக நம்மைக் காக்க வைக்கும் நேரமும் அதிகமாகிறது.

அடுத்து மட்டாஞ்சேரி. படகில் ஃபோர்ட் கொச்சி இறங்கி பஜார் ரோடு வழியாக நடந்தால், பழைய பண்டகசாலைகள் வரிசையாக நிற்கும். பாதி பூட்டிக் கிடக்கும், மீதியில் சுற்றுலாப் பயணிகளுக்குப் பாக்கெட் மசாலா விற்பார்கள். 1957-இல் தொடங்கிய மிளகு வியாபாரிகள் சங்கத்தின் கட்டடம் யூதத் தெருவில் இருக்கிறது. இந்தியாவின் மிளகு முன்பேர வியாபாரமே ஒரு காலத்தில் அந்தக் கட்டடத்துக்குள் கூவி நடந்தது. அந்த வாசனையில் மயங்கி அங்கேயே ஒருவரிடம் ஆர்டர் கொடுத்தேன். உண்மையான ஏற்றுமதிச் சரக்கு பெரும்பாலும் ஆலுவா, அங்கமாலி, கோலஞ்சேரிப் பக்கத்துக் கிடங்குகளுக்குப் போய்ப் பல காலம் ஆகிறது என்பது எனக்கு அப்போது தெரியாது. மட்டாஞ்சேரி அறையில் மேஜையும் போனும் மட்டும் வைத்துக்கொண்டு, யாரோ ஒருவருடைய கிடங்கிலிருந்து ஏற்றி அனுப்புகிறவர்கள் நிறைய. அது குற்றமில்லை. சரக்கு யாருடைய கூரையின் கீழ் இருக்கிறது என்று நாம்தான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்.

2014-இல் வாங்கிய அடி இன்னும் வலிக்கிறது. வந்த சாம்பிள் தலச்சேரி எக்ஸ்ட்ரா போல்டு. தலச்சேரி என்றதும் ஊர் என்று நினைத்துவிடாதீர்கள், வியாபாரத்தில் அது மணியின் பருமன். 4.25 மில்லிமீட்டர் சல்லடையில் தங்கினால் எக்ஸ்ட்ரா போல்டு, 4.75-இல் தங்கினால் ஸ்பெஷல் எக்ஸ்ட்ரா போல்டு. சுத்தம் செய்த முதல் தர மலபார் மிளகு, வியாபாரப் பேச்சில் எம்ஜி1, பருமனில் அதற்குக் கீழே. சாம்பிள் மணி மணியாக, உள்ளங்கையில் கொட்டினால் கலகலவென்று ஓடியது. லிட்டர் எடை 560. ஒரு லிட்டர் பாத்திரத்தில் தளும்பக் கொட்டி, ஸ்கேலால் மட்டமாக வழித்து நிறுத்தால் வரும் கிராம்தான் லிட்டர் எடை. மிளகு வியாபாரத்தின் பாதிச் சண்டை இந்த ஒற்றை எண்ணில் நடக்கும். 550 பேசியிருந்தோம், 560 வந்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

சுமார் 14 டன் ஹாம்பர்க் போய்ச் சேர்ந்தது. தம்பி கதவைத் திறந்து முன்வரிசையில் நான்கு மூட்டை எடுத்துப் பார்த்தான், நன்றாக இருந்தது. கடைகளுக்குப் போன மூன்றாவது வாரம் போன் வந்தது. "அண்ணா, தண்ணியில போட்டா பாதி மிதக்குதுங்கறாங்க." நடு வரிசை மூட்டைகளைப் பிரித்து அளந்தால் 505, 498. பொக்கு மணி. ஏற்றுமதியாளர் என்ன சொன்னார் தெரியுமா? "விளைச்சல் பொருள் சார், ஒவ்வொரு மூட்டையும் ஒவ்வொரு மாதிரி இருக்கும்." கதவருகே இருந்த மூட்டைகள் மட்டும் எப்படி ஒரே மாதிரி இருந்தன என்று கேட்டேன். பதில் வரவில்லை. பணம் முழுதும் போய்விட்டிருந்தது, பேச எங்களிடம் பிடி எதுவும் இல்லை.

அன்றிலிருந்து இரண்டு பழக்கம். ஏற்றும் நாளில் கிடங்கில் நிற்பேன். மூட்டையைத் தொழிலாளி எடுத்துக் கொடுக்கக் கூடாது, நான் கை காட்டும் மூட்டையில் குத்தூசி இறங்க வேண்டும், அதுவும் அடி வரிசையில். எடுத்ததை மூன்று பொட்டலமாக்கி ஏற்றுமதியாளரும் நானும் கையெழுத்துப் போட்டு அரக்கு வைத்து, அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று. முதல் முறை இதைச் சொன்னபோது முகம் சுளித்தவர்களை அப்போதே விட்டுவிட்டேன். "ஆகட்டும் சார், இந்தாங்க ஊசி" என்றவர்களில் ஒருவர் இன்றுவரை இருக்கிறார்.

மிளகு எங்கே விளைந்தது என்பதும் தனிக் கதை. மூட்டையில் மலபார் என்று அச்சிட்டிருந்தாலும் உள்ளே குடகு மிளகாக இருக்கலாம். இந்தியாவில் மிளகு அதிகம் விளைவது இப்போது கர்நாடகத்தில்தான், அது மட்டமான சரக்கும் இல்லை. எனக்குக் கவலை தருவது வியட்நாம் மிளகும் இலங்கை மிளகும் இடையில் கலந்து வருவது. சாறு எடுத்து மறு ஏற்றுமதி செய்வதற்காக வெளிநாட்டு மிளகு கொச்சிக்கு முறைப்படியே வருகிறது. உள்நாட்டு விலை சரிகிறது என்று 2017 டிசம்பரில் கிலோவுக்கு 500 ரூபாய் குறைந்தபட்ச இறக்குமதி விலை வைத்தார்கள். நான் நேரடியாகவே கேட்பேன், "இது எந்த ஊர்ச் சரக்கு?" இடுக்கியா, வயநாடா, குடகா என்று சட்டென்று சொல்பவரிடம் நம்பிக்கை வரும். "பியூர் இந்தியன் சார்" என்று மட்டும் சொன்னால் எனக்கு அரிக்க ஆரம்பித்துவிடும். பளபளப்பும் அப்படித்தான். 2012 கடைசியில் கொச்சிக் கிடங்குகளில் கனிம எண்ணெய் பூசிய மிளகு என்று ஆயிரக்கணக்கான டன்னைப் பூட்டி வைத்தார்கள். அதன் பிறகு வெள்ளைக் கைக்குட்டை இல்லாமல் நான் கிடங்குக்குப் போவதில்லை. ஒரு பிடி மிளகை அதில் கசக்கினால் எண்ணெய்க் கறை சொல்லிவிடும்.

2019 ஏலக்காய் வருடம். முந்தைய ஆகஸ்டில் வெள்ளம் தோட்டங்களைச் சிதைத்தது, அந்தக் கோடையில் மழையும் இல்லை. ஆகஸ்ட் 3-ஆம் தேதி இடுக்கியிலுள்ள புற்றடி ஏலத்தில் ஒரு லாட் கிலோ 7,000 ரூபாய்க்குப் போனது. நாங்கள் கோடையில் பேசி வைத்திருந்த விலை அதில் பாதிகூட இல்லை. இரண்டு பேரிடம் பாதிப் பாதியாகச் சொல்லியிருந்தோம். ஒருவர் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார். மற்றவர் கூப்பிட்டார். "சார், பழைய விலைக்கு முழுசும் கொடுத்தா நான் கடையை மூடணும். பாதி பழைய விலை, பாதி இன்னைக்கு போடி ஏல விலை. உங்களுக்கு ஒத்துவருமா?" ஒப்பந்தப்படி பார்த்தால் அவரும் தவறினார்தான். ஆனால் சொல்லிவிட்டுத் தவறினார். ஒத்துக்கொண்டோம்.

ஜாதிக்காயில்தான் ஐரோப்பாவுக்கு அனுப்புகிறவர்களுக்கு உண்மையான சோதனை. காயும்போது ஈரம் நின்றால் பூஞ்சை, பூஞ்சை வந்தால் அது விடும் நச்சான அஃப்லடாக்சின். கிலோவுக்கு பி1 வகை 5 மைக்ரோகிராம், எல்லா வகையும் சேர்த்து 10, அதற்கு மேல் போனால் துறைமுகத்திலேயே நிறுத்துவார்கள். கண்ணால் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது, என் மூக்குக்கும் எட்டாது. ஒரு தடவை எல்லாம் தயார், கப்பலில் இடமும் பிடித்தாகிவிட்டது. முந்தின நாள் மாலை அந்த ஏலக்காய்க்காரரே கூப்பிட்டார். "சார், நம்ம ஆளு மறுபடி சாம்பிள் எடுத்து லேபுக்குக் கொடுத்தான். பி1 ஏழு காட்டுது. நான் ஏத்தல." முதல் அறிக்கையில் அளவுக்குள் இருந்தது, அந்தக் காகிதத்தை வைத்தே அவர் அனுப்பியிருக்கலாம். மூன்று வாரம் தாமதம், தம்பி வானத்துக்கும் பூமிக்கும் குதித்தான். எனக்கு அன்றைக்குத்தான் கொச்சியில் ஆள் கிடைத்துவிட்டார் என்று தோன்றியது.

இதற்கு நேர் எதிரானது எத்திலீன் ஆக்சைடு, அதாவது கிருமி கொல்ல அடிக்கும் வாயு, பற்றிய விவகாரம். 2020 கடைசியில் இந்திய எள்ளில் அதைக் கண்டுபிடித்ததிலிருந்து ஐரோப்பாவில் மசாலாவையும் துருவ ஆரம்பித்தார்கள். அமெரிக்கா மசாலாவில் அதை 7 பிபிஎம் வரை அனுமதிக்கிறது, ஐரோப்பாவில் எல்லை 0.1. ஒரே கிடங்கிலிருந்து இரண்டு பக்கமும் அனுப்புகிறவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி இங்கேதான். நாங்கள் கேட்கவில்லை. "நீராவிதான் சார், சர்டிபிகேட் இருக்கு" என்றார் அப்போது மிளகு கொடுத்த வேறொருவர். சர்டிபிகேட் இருந்தது. கிருமி நீக்கத்தை அவர் வெளியே கூலிக்குக் கொடுத்திருந்தார், அங்கே அமெரிக்கச் சரக்குக்கு வாயுவும் அடிக்கிறார்கள் என்பது ஹாம்பர்க் லேப் முடிவு வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. மிளகு திரும்பி வந்தது. போக வரக் கப்பல் வாடகையில் பாதியை அவர் ஏற்றுக்கொண்டார், அதற்கு எட்டு மாதம் பிடித்தது. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், தன் சரக்குக்கு என்ன நடக்கிறது என்று அவருக்கே தெரியவில்லை.

சின்ன விஷயங்களும் உண்டு. கன்டெய்னருக்குள் கிராஃப்ட் தாள் விரித்து ஈரம் உறிஞ்சும் பைகளைத் தொங்கவிடுகிறாரா என்று பாருங்கள். கொச்சியின் வல்லார்பாடம் கன்டெய்னர் துறைமுகத்தில் சூட்டில் ஏறிய பெட்டி குளிரான கடலுக்குப் போனதும் கூரையிலிருந்து சொட்டும். கூடுதலாகச் சில ஆயிரம் ரூபாய் ஆகும் இதற்குக் கணக்குப் பார்த்தவரிடமிருந்து ஒரு முறை பூசணம் பிடித்த சுக்கு போனது. காகித வேலையில் கொச்சிக்காரர்களை எனக்குக் குறை சொல்லத் தோன்றியதில்லை. மசாலா வாரியப் பதிவு, தாவர நலச் சான்று, எல்லாம் கேட்பதற்கு முன் வரும். மின்னஞ்சலுக்குப் பதில்தான் ஓணம் சமயத்தில் எதிர்பார்க்காதீர்கள்.

2018 வெள்ளத்தில் கொச்சி விமான நிலையமே ஆகஸ்ட் 15 முதல் 29 வரை மூடிக் கிடந்தது. ஆலுவாப் பக்கத்துக் கிடங்கில் எங்கள் மூட்டைகள் இருந்தன. நான் போன் செய்வதற்கு முன்பே படம் வந்தது: கீழ் இரண்டு வரிசை நனைந்தது, மேலே காய்ந்தது, நனைந்தது அவர் கணக்கில். இப்போது தொடரும் இரண்டாமவர் இவர்தான்.

போன திங்கட்கிழமை அவரிடமிருந்து அடுத்த கன்டெய்னருக்கான எம்ஜி1 சாம்பிள் வந்தது. மூன்று தடவை அளந்தேன். 542, 543, 542. போன் செய்து எண்ணை மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "என் பாத்திரத்துல 551 சார். சரி, விடுங்க, வேற லாட்ல எடுத்து அனுப்பறேன், வெள்ளிக்கிழமை கூரியர் வந்துடும்" என்றார். இன்று வெள்ளி. லிட்டர் பாத்திரத்தைக் கழுவித் துடைத்து மேஜைமேல் வைத்திருக்கிறேன், கூரியர் பையன் இன்னும் வரவில்லை.