புது பிசி அடிக்கடி கிராஷ் ஆன கதை, 15 மாசம் ஓட்டுனதுக்கப்புறம் எழுதுறேன்

போன வருஷம் ஆடித் தள்ளுபடில வாங்குன அசெம்பிள் பிசி இது, வர்ற ஐப்பசியோட 15 மாசம். வாங்குன புதுசுல ரிவ்யூ எழுதிருந்தா அம்புட்டும் கெட்ட வார்த்தையாத்தான் இருந்திருக்கும், அதான் ஆறப்போட்டு இப்ப எழுதுறேன்.

நமக்கு வில்லாபுரத்துல வீட்டுலயே டிடிபி வேலை. கல்யாணப் பத்திரிக்கை, காதுகுத்து, கோயில் நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர். மதுரைல போஸ்டர் வேலை எப்பிடின்னு சொல்லத் தேவையில்ல, ராத்திரி 11 மணிக்கு போட்டோவோட வந்து நிப்பாங்க, விடியிறதுக்குள்ள சுவத்துல இருக்கணும்பாங்க. ஆடில முகூர்த்தம் கிடையாது, கை கொஞ்சம் ஃப்ரீ, சரி பழைய டப்பாவ தூக்கிப் போட்டுட்டு புதுசு மாத்திருவோம்னு டவுன்ல ஒரு கடைல போட்டேன். ரைசன் 5 5600ஜி, பி550 போர்டு, 8 ஜிபி ரேம் 4 ஸ்டிக் ஆக மொத்தம் 32 ஜிபி, 500 ஜிபி என்விஎம்இ, 450 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ் (உள்ள இருக்குற பவர் சப்ளை பெட்டி). தனி கிராபிக்ஸ் கார்டு போடல, கோரல் ட்ராவுக்கும் போட்டோஷாப்புக்கும் இதுவே போதும்னு கடைக்காரத் தம்பி சொன்னாரு, அதுல தப்பில்ல, உண்மைதான்.

மொத மூணு நாள் ராஜா மாதிரி ஓடுச்சு. நாலாவது நாள் ஃபிளெக்ஸ் ஃபைல் ஒண்ண சேவ் பண்றப்ப நீலத் திரை. சரி விண்டோஸ்னா அப்பிடித்தான்னு விட்டேன். மறுநாள் ரெண்டு தடவ. ஆவணி பொறந்து முகூர்த்த வேலை குவியக் குவிய இதுவும் கூடிருச்சு, ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவ, அதுலயும் சில நேரம் நீலத் திரை வரும், சில நேரம் ஒண்ணுமே வராம டக்குனு இருட்டாகி தன்னால மறுபடி ஆன் ஆகும். இந்த ரெண்டும் வேற வேறன்னு அப்ப எனக்கு உறைக்கல, அங்கதான் மூணு மாசம் போச்சு.

சிபியூவ மடில வச்சுக்கிட்டு ஷேர் ஆட்டோல தெக்குவாசல் பாலம் ஏறி இறங்கி கடைக்கு எத்தன தடவ போனேன்னு எனக்கே கணக்கு தெரியல. போனா ஒரே பதில், "அண்ணே விண்டோஸ் கரப்ட் ஆயிருச்சு, ஃபார்மட் அடிச்சுருவோம்ணே". மூணு தடவ ஃபார்மட். நம்ம வேலைல ஃபார்மட்னா சும்மா இல்லைங்க, பாமினில இருந்து ஆரம்பிச்சு நூத்துக்கணக்குல தமிழ் ஃபாண்ட்ட திரும்ப ஏத்தணும், ஒரு ஃபாண்ட் விட்டுப்போனாலும் பழைய பத்திரிக்கைய ஓபன் பண்ணா மாப்பிள்ளை பேரே வாய்ல நுழையாத எழுத்தா நிக்கும். அங்க கடைல வச்சு ஓட்டுனா ஒரு நாள் முழுக்க கிராஷே ஆகாது, வேற. அவரு என்னய பாக்குற பார்வையே மாறிருச்சு.

ஒரு அஞ்சலி போஸ்டர் வேலைல, வீட்டு ஆளுங்க துக்கத்தோட பக்கத்துல ஸ்டூல்ல உக்காந்திருக்காங்க, பெரியவரு போட்டோவ கட் பண்ணி வச்சு எக்ஸ்போர்ட் குடுக்குறேன், திரை நீலமாயிருச்சு. மறுபடியும் ஓபன் பண்ணேன், மறுபடியும் நீலம். அந்த மனுசங்க முன்னாடி கூனிக்குறுகிப் போயிட்டேன், கடைசில பழைய டப்பாவ பரண்ல இருந்து எறக்கி முடிச்சுக் குடுத்தேன்.

அப்புறம்தான் சென்னைல ஐடி சப்போர்ட் வேலைல இருக்குற அக்கா மகனுக்கு போன் போட்டேன். மொத கேள்வியே "மாமா நீலத் திரைல கீழ என்ன எழுதியிருக்குன்னு பாத்தீங்களா"ன்னான். எங்குட்டு பாக்க, வந்த வேகத்துல ரீஸ்டார்ட் ஆயிருது. சிஸ்டம் ப்ராப்பர்டீஸ்ல அட்வான்ஸ்டு போயி ஸ்டார்ட்டப் அண்ட் ரெக்கவரில "ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்" டிக்க எடுத்துவிடச் சொன்னான். எடுத்தா நீலத் திரை அப்பிடியே நிக்கும், போன்ல படம் புடிச்சு அனுப்பலாம். ஒரு நாள் மெமரி மேனேஜ்மென்ட்னு வந்துச்சு, மறுநாள் ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல், இன்னொரு நாள் பேஜ் ஃபால்ட். விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள மினிடம்ப்னு ஒரு ஃபோல்டர் இருக்கும், ஒவ்வொரு நீலத் திரைக்கும் ஒரு ஃபைல் அதுல விழுகும், ப்ளூஸ்கிரீன்வியூன்னு ஒரு இலவச சாஃப்ட்வேர்ல அத அவன் போட்டுப் பாத்தான். ஒவ்வொரு தடவயும் வேற வேற டிரைவர் (பாகங்கள ஓட்டுற சாஃப்ட்வேர்) மேல பழி. "ஒரே டிரைவர்னா டிரைவர் கோளாறு மாமா, ஆளாளுக்கு மாறி மாறி வந்தா ரேம சந்தேகப்படணும்"னான். இந்த ஒரு வரிக்கே அவனுக்கு ஒரு ஜிகர்தண்டா கடன் வச்சிருக்கேன்.

விண்டோஸ்லயே இருக்குற மெமரி டெஸ்ட் ஒரு கோளாறும் இல்லன்னு சொல்லிருச்சு. அத நம்பி விட்ராதீங்க. ரேம சோதிக்கிற மெம்டெஸ்ட்86ங்குற சாஃப்ட்வேர பென்டிரைவ்ல போட்டு, புரட்டாசி, வேலை கம்மி, ராத்திரி முழுக்க ஓட விட்டேன். இலவசப் பதிப்புல 4 பாஸ் (முழுச் சுத்து) வரைக்கும் ஓடும், 32 ஜிபிக்கு அதுக்கே விடிஞ்சிரும். காலைல எந்திரிச்சுப் பாத்தா திரை பூரா சிவப்பு வரி. சரி ஒரு ஸ்டிக் செத்துப்போச்சுன்னு ஒவ்வொண்ணா தனியா மாட்டி ஓட்டுனா நாலுமே சுத்தம்! மண்டை காஞ்சு போச்சு.

விசயம் என்னன்னா ரேம் மேல ஸ்பீடு 3600னு எழுதியிருக்கும், ஆனா அது எக்ஸ்எம்பின்னு ஒரு செட்டிங்க ஆன் பண்ணாத்தான் வரும், அது ஒரு வகைல ஓவர்கிளாக்தான் (அளவுக்கு மேல வேகமா ஓட்டுறது), எல்லா போர்டுலயும் எல்லா பிராசசர்லயும் ஓடும்னு யாரும் சத்தியம் பண்ணல. இந்த 5600ஜிக்கு ஏஎம்டி சொல்ற கணக்கு ரெண்டு ஸ்டிக்னா 3200, நாலு ஸ்டிக் போட்டா சிங்கிள் ரேங்க்குக்கு (சிப்பு ஒரே செட்டா இருக்குற ஸ்டிக்) 2933, டூயல் ரேங்க்னா (ரெண்டு செட்டு) 2667. நாலு ஸ்டிக்கயும் தூக்கிச் சுமக்குறது பிராசசருக்குள்ள இருக்குற மெமரி கண்ட்ரோலர், அதுக்கு மூச்சு வாங்குது. எனக்கு கடைல ரெண்டு ஜோடி போட்டுக் குடுத்தாங்க, அந்த ரெண்டு ஜோடியும் வேற வேற கம்பெனி, அதுக்கு மேல 3600. பயாஸ்ல (விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி போர்டுலயே இருக்குற செட்டிங்) எக்ஸ்எம்பிய ஆஃப் பண்ணி ஸ்பீட கையால 2933னு வச்சோம். மறுபடி ராத்திரி முழுக்க டெஸ்ட், ஒரு எர்ரர் இல்ல. அன்னைல இருந்து இன்னைக்கு வரைக்கும் நீலத் திரை நான் பாக்கல. கோரல்ல ஸ்பீடு கொறஞ்ச மாதிரியும் தெரியல (கேம் ஆடுறவங்களுக்குத் தெரியும், இதுல கிராபிக்ஸுக்கும் இதே ரேம்தான்).

முடிஞ்சுச்சுன்னு பாத்தா அந்த இருட்டாகி ரீஸ்டார்ட் ஆகுறது மட்டும் நிக்கல. எது எப்ப ஆச்சுன்னு விண்டோஸ் எழுதி வைக்கிற ஈவென்ட் வியூவர்ல கெர்னல் பவர் 41னு நிக்கும். 41ன்னா "ஒழுங்கா ஷட்டவுன் ஆகல"ன்னு மட்டும்தான் அர்த்தம், காரணம் சொல்லாது. ஆனா அதுக்குள்ள டீட்டெயில்ஸ்ல பக்செக்கோட்னு ஒண்ணு இருக்கு, அது 0ன்னு இருந்தா நீலத் திரையே வரலன்னு அர்த்தம், ஒண்ணு கரண்ட் விட்டிருக்கு இல்ல மெஷின் அப்பிடியே உறைஞ்சிருக்கு. என்னோடதுல எல்லாமே 0. அக்கா மகன் "எந்த நேரத்துல ஆகுதுன்னு எழுதி வைங்க மாமா"ன்னான், நானும் சுவத்துல தொங்குற தினக்காலண்டர்ல எழுதிட்டு வந்தேன். பத்து நாள் கழிச்சு பால் கணக்கு பாக்க வந்த வீட்டம்மா சொல்லுது, "ஏங்க, இது பூரா நான் மோட்டார் போடுற நேரம்ல".

சிரிச்சேன். அப்புறம் சிரிப்பு வரல. சம்ப்ல இருந்து மாடி டேங்க்குக்கு ஏத்துற 1 எச்பி மோட்டார் அது. பெரிய ஃபைல் ஒண்ண எக்ஸ்போர்ட் போட்டுட்டு "போடு"ன்னு சத்தம் குடுத்தேன், போட்டுச்சு, பொட்டுனு போச்சு. மூணு தடவ செஞ்சதுல ரெண்டு தடவ அவுட். சும்மா இருக்குறப்ப மோட்டார் போட்டா ஒண்ணும் ஆகாது, பிசி முழு வேகத்துல வேலை செய்யிறப்பத்தான் விழுகும். மோட்டார் கிளம்புறப்ப வோல்டேஜ் சட்டுனு எறங்கிருது. கரண்ட் ஒரு சுத்துக்கு 20 மில்லிசெகண்ட், எஸ்எம்பிஎஸ் ஏறக்குறைய அம்புட்டு நேரம்தான் தாக்குப்பிடிக்கும், அதுவும் இழுவை கூடக் கூட தாங்குறது கொறையும். கடைல ஏன் ஓடுச்சுன்னு அப்பத்தான் புரிஞ்சுது, அங்க எங்க மோட்டார்.

தெரிஞ்ச எலக்ட்ரீசியன் பெரியவர் வந்து பிளக்ல மீட்டர வச்சாரு. 228 வோல்ட். மோட்டார் போட்டதும் 170க்கு கீழ எறங்கி, ஓட ஆரம்பிச்சதும் 195ல நின்னுச்சு. மெயின ஆஃப் பண்ணி கரண்ட் போர்ட கழட்டுனா நியூட்ரல் ஸ்க்ரூ லூசாகி வயர் கருகி உருகியிருக்கு. "தம்பி, கம்ப்யூட்டர விடுங்க, இது ஒரு நாள் வீட்டையே எரிச்சிருக்கும்"னாரு. கருகுன வயர வெட்டி, லிங்க்க மாத்தி, மொத்தம் 650 ரூவா. இப்ப மோட்டார் போட்டாலும் 214க்கு கீழ போறதில்ல. இத நீங்களா கழட்டிப் பாக்காதீங்க, ஆள் வச்சே பாருங்க.

அதுக்கப்புறம் ஒரு 600 விஏ யூபிஎஸ்ஸும் வாங்குனேன், கரண்ட் போனா சேவ் பண்ணிட்டு ஆஃப் பண்ண போதும். லேசர் பிரிண்டர மட்டும் அதுல மாட்டாதீங்க, சூடேறுறப்ப இழுக்குற இழுப்புக்கு யூபிஎஸ் கத்தும். கத்திரி வெயில்ல பிராசசர் 80 டிகிரியத் தொட்டுச்சு, 95 வரைக்கும் தாங்கும்னு போட்டிருக்கு, ஃபேன்ல இருந்த தூசிய ஊதிவிட்டதும் 72க்கு வந்திருச்சு. மத்தபடி மெஷின் தங்கம், போன தை மாசம் முகூர்த்த சீசன் முழுக்க ஒரு தடவ கூட விழுகல.

வீட்டம்மா மட்டும் இன்னும் சுவிட்ச்ச தொடுறதுக்கு முன்னாடி அடுப்படில இருந்து "ஏங்க, மோட்டார் போடப்போறேன்"னு குரல் குடுக்குது. நானும் கைய தன்னால கண்ட்ரோல் எஸ்ல வச்சுர்றேன்.