கடற்கரை வீட்டுத் தச்சு வேலை: கூலிக்கு வரும் ஓடாவியா, பட்டறையா, மொறட்டுவையா?

திருகோணமலையில் புதுவீடு கட்டி இரண்டு மூன்று வருடம் ஆனவர்களிடம் தச்சு வேலையைப் பற்றிக் கேட்டுப்பாருங்கள். மாரியில் முன்கதவு இறுகித் தோளால் இடித்துத்தான் திறக்க வேண்டும். அதே கதவு ஆடியில் சுருங்கி, இடுக்கால் மணல் உள்ளே வரும். அலுமாரிக் கதவு வில்லாக வளைந்திருக்கும். எல்லாரும் கடைசியில் சொல்வது, "ஓடாவி சரியில்லை." பல வீடுகளில் ஓடாவியின் கையில் ஒரு குறையும் இருக்காது. பச்சை மரத்தைக் கொடுத்து, குடிபுகும் நாளுக்குள் பூட்டச் சொன்னது வேறு யாரோ.

ஆள் பிடிக்கும்போது கைவேலை எப்படி என்று எல்லாரும் விசாரிப்பார்கள். எனக்கு அதைவிட முக்கியம் வேறு: மரத்தை யார் வாங்குகிறார், அது எங்கே கிடந்து காய்கிறது, முதல் மாரியில் கதவு இறுகினால் சீவுளியோடு யார் வருகிறார். நாட்கூலி ஓடாவி, உள்ளூர்ப் பட்டறை, கொழும்புப் பக்கத்து மொறட்டுவையில் செய்வித்து எடுப்பது என்று எங்கள் ஊரில் இருக்கும் மூன்று வழிகளையும் இந்தக் கணக்கில்தான் பார்க்கப்போகிறேன்.

முதலில் காற்றைப் பற்றி. இங்கே வருட மழையில் பாதிக்கு மேல் ஒக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். வாடை கடலிலிருந்து நேரே வீட்டு முகத்தில் அடிக்கும். பிறகு கச்சான் தொடங்கினால் சூடான தரைக்காற்று மரத்தில் இருக்கும் ஈரத்தையெல்லாம் உறிஞ்சிவிடும். தேக்கு அதிகம் அசையாத மரம் என்று பெயர் எடுத்தது. அந்தத் தேக்கே, காற்றின் ஈரப்பதம் 60%இலிருந்து 90%க்கு ஏறினால் அகலத்தில் 1%க்குச் சற்று மேல் விரியக்கூடும். மூன்றடி அகலத்தில் முழுப் பலகைகளைச் சேர்த்து அடித்த கதவென்றால் அது கிட்டத்தட்ட அரை அங்குலம். சட்டம் போட்டு, அதில் காடி (நீளப் பள்ளம்) வெட்டி, பனலை (நடுப்பலகையை) பசை வைக்காமல் காடிக்குள் சும்மா நிற்க விட்டால், கதவின் அகலத்தைக் கூட்டுவது இரண்டு பக்கச் சட்டங்கள் மட்டுமே; அரைக்கால் அங்குலத்தோடு விஷயம் முடியும். கடற்கரைக்குப் பலகைக் கதவு வேண்டாம் என்று பழைய ஆட்கள் சொல்வது இதனால்தான். பனலைப் பசை வைத்து இறுக்கிவிடும் "சுத்தமான" வேலை வேறொரு தலையிடி: மரம் அசைய இடமில்லாமல் நடுவில் வெடிக்கும்.

எல்லாக் கடற்கரையும் ஒன்றுமல்ல. உப்புவெளி, அலஸ் தோட்டம், நிலாவெளிப் பக்கம் திறந்த கடலைப் பார்த்த யன்னலுக்கும், உட்துறைமுக வீதியில் மலைகளின் மறைவில் இருக்கும் யன்னலுக்கும் உப்பு விழுவதில் நிறைய வித்தியாசம். கடலிலிருந்து உள்ளே தள்ளி, பாலையூற்றிலோ கன்னியாவிலோ வீடென்றால் நான் கீழே சொல்லும் செலவில் பாதி தேவைப்படாது.

நாட்கூலிக்கு வீட்டோடு வந்து செய்பவர்

இந்த வழியில் மரம் உங்கள் பொறுப்பு. அதுதான் இதன் பலம், அதுவே பயமும். மரம் விற்கும் மரக்காலைக்கு நீங்களே போகவேண்டும், ஆனால் தனியே போகாதீர்கள். ஓடாவியைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஒரு நாள் கூலி போனாலும் பரவாயில்லை. நல்ல ஓடாவி பலகையைத் தூக்கி முதலில் பாரம் பார்ப்பார். பிறகு தலைப்பக்கத்தைத் திருப்பி, வெடிப்பு எதுவரை ஓடியிருக்கிறது என்று பெருவிரலால் தடவுவார். ஓரத்தில் வெள்ளை (பூச்சி அரிக்கும் வெளிப்பகுதி) எவ்வளவு, வைரம் (முற்றின உட்பகுதி) எவ்வளவு என்று பார்த்துவிட்டு, இரண்டு பலகையை ஒன்றோடொன்று தட்டுவார். சத்தம் மொத்தென்று விழுந்தால், "உதுக்குள்ள இன்னும் தண்ணி நிக்குது தம்பி, விடுங்கோ" என்று அடுத்த அடுக்குக்குப் போய்விடுவார். இந்தப் பார்வைக்குத்தான் கூலி. கடைக்காரர் காட்டிய மரத்துக்கெல்லாம் தலையாட்டும் ஆளென்றால் அவரை வைத்து மேசை கூடச் செய்விக்காதீர்கள்.

மரத்தை முன்கூட்டியே வாங்கிப் போடலாம் என்பது இந்த வழியின் பெரிய வசதி. ஒரு அங்குலத் தடிப்புக்கு ஒரு வருடம் என்பது காற்றில் காயவைக்கும் பழைய கணக்கு. அத்திவாரம் போடும்போதே மரத்தை வாங்கி, கூரைக்குக் கீழே, பலகைக்குப் பலகை இடையில் சின்னச் சலாகை வைத்து அடுக்கி, தலைப்பக்கங்களுக்குப் பழைய பெயின்ற் பூசிவிட்டால் வீடு முடிகிற நேரம் மரமும் அரைவாசி வழிக்கு வந்துவிடும். பணம் முடங்குகிறதே என்று கணக்குப் பார்ப்பவர்கள் கதவை இரண்டு தரம் செய்த வீடுகளையும் கணக்கில் சேர்க்கவேண்டும்.

எந்த மரம்? முதிரையும் பாலையும் எங்கள் வரண்ட வலயத்து மரங்கள்; பாரம், உறுதி, வைரம் பாய்ந்த பகுதியில் கறையான் லேசில் வாய் வைக்காது. ஓடாவிமார் முணுமுணுப்பார்கள்: வாள் மழுங்கும், முதிரைத் தூள் பட்டுச் சிலருக்குத் தோல் கடிக்கும். முணுமுணுப்பு நியாயமானது, கூலியில் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள். சாவண்டலை நேரான, வளைந்து கொடுக்கும் மரம். ஆங்கிலேயர் காலத்தில் இங்கிருந்து திருகோணமலை மரம் என்ற பேரிலேயே சென்னைக்குப் போய், அங்கே அலைக்குள் இறங்கும் மசூலாப் படகுகளுக்குப் பயன்பட்டது. இப்போது நல்ல அளவில் கிடைத்தால் அதிர்ஷ்டம்தான். கிடைப்பதைப் பார்த்துச் சொன்னால், வெளிநிலைக்கு முதிரை அல்லது முற்றின வேம்பு, கதவு யன்னலுக்குத் தேக்கு, உள் அலுமாரிக்கு மகோகனி.

கடதாசி விஷயத்தில் கவனம். பலா வெட்டுவதற்கு 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி அனுமதி வேண்டும். சொந்தக் காணி மரமானாலும் பெரும்பாலான இனங்களை ஏற்றிக்கொண்டு போக அனுமதிப்பத்திரம் தேவை. "காட்டுப் பக்கமிருந்து மலிவாய் எடுத்துத் தாறன்" என்று யாராவது சொன்னால் வீதியில் பொலிஸ் மறிக்கும்போது லொறிக்குள் இருப்பது உங்கள் பணம். அரச மரக் கூட்டுத்தாபனத்திலோ பற்றுச்சீட்டுத் தரும் மரக்காலையிலோ வாங்குவதே நிம்மதி.

குறை என்னவென்றால் நேரம். கையால் சீவி, கையால் துளையடிக்கும் வேலை இழுபடும்; கோவில் திருவிழா, சொந்தத்தில் செத்தவீடு, அடுத்த வீட்டு அவசர வேலை எல்லாம் நடுவில் வரும். நாட்கூலி என்பதால் இழுபடும் ஒவ்வொரு நாளும் உங்கள் செலவு. வீட்டில் நின்று பார்க்க ஆளில்லாதவர்களுக்கு, குறிப்பாக வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பிக் கட்டுபவர்களுக்கு, இந்த வழி சரிவராது.

பட்டறைக்குக் கொந்தராத்துக் கொடுப்பது

விலை முன்கூட்டியே தெரியும், மெஷினில் சீவிய மரம் ஒரே தடிப்பில் வரும், பொருத்துகள் நேராக இருக்கும். பத்துப் பன்னிரண்டு யன்னல் ஒரே அளவில் வேண்டுமென்றால் பட்டறையை அடிக்க ஆளில்லை. ஆனால் கொந்தராத்தில் எழுதும் "தேக்கு" என்ற ஒரு சொல்லுக்குள் எல்லாம் அடங்கும்: வைரம் பாய்ந்த தேக்கும் அடங்கும், வெள்ளை ஓடிய இளந்தேக்கும் அடங்கும். சாயம் ஏற்றி, சீலர் அடித்து வந்தபிறகு இரண்டும் உங்கள் கண்ணுக்கு ஒன்றுதான். வண்டுக்கு அப்படியல்ல.

பட்டறைக்குப் போனால் காட்சிக்கு வைத்திருக்கும் கதவைப் பார்க்காதீர்கள், பின்பக்கம் போய் மரம் அடுக்கியிருக்கும் இடத்தைப் பாருங்கள். மழை படாமல், சலாகை வைத்து, நிலத்திலிருந்து உயர்த்தி அடுக்கியிருந்தால் நம்பலாம். அரிந்த பலகையைச் சுவரில் சாத்திவைத்து, அடுத்த கிழமையே நிலை செய்கிறவரென்றால் எவ்வளவு நல்ல மெஷின் இருந்தும் பயனில்லை. ஈரப்பத மானி இப்போது கையடக்கமாகவே கிடைக்கிறது. 15% அளவில் காட்டினால் எங்கள் கடற்கரைக்குப் போதும். 20%க்கு மேல் காட்டும் மரத்தில் கதவு செய்ய விடாதீர்கள். மானி இல்லாத பட்டறையும் நல்ல வேலை செய்யலாம். ஆனால் மானியைக் கண்டதும் கோபப்படுகிறவரைப் பற்றி யோசிக்க வேண்டியதுதான்.

"பூச்சு அடிக்க முதல் நான் வந்து பார்ப்பேன்" என்பதைக் கட்டாயம் சொல்லி வையுங்கள். அப்போது பார்க்கவேண்டியவை: வெள்ளைப் பகுதி, மக்கு வைத்து அடைத்த வெடிப்பு, பனல் காடிக்குள் அசைகிறதா. பூச்சு அடித்தபிறகு இன்னொரு தரம் போய்க் கதவின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் விரலால் தடவிப்பாருங்கள். பத்துக்கு எட்டுக் கதவில் அங்கே பூச்சே இருக்காது. முகத்துக்கு மூன்று தரம் அடித்திருப்பார்கள். மழைத்தண்ணி குடிக்கும் வாயைத் திறந்து விட்டிருப்பார்கள்.

பட்டறையின் இன்னொரு பலவீனம் அளவு. அளவெடுப்பது ஒருவர், செய்வது இன்னொருவர், பூட்ட வருவது இரண்டு பெடியன்கள். சுவர் தூக்குக் குண்டுக்கு நிற்காத வீட்டில் இது சண்டையில் போய் முடியும். படிக்கட்டுக் கைபிடி, கூரைச் சாய்வுக்குக் கீழே அலுமாரி, சாமியறை மாடம் மாதிரி மூலைக்கு மூலை மாறும் வேலைகளை வீட்டோடு நின்று செய்யும் ஓடாவியிடம் விடுவதே புத்தி.

மொறட்டுவை

தளபாடத்துக்கு இலங்கையில் மொறட்டுவைக்கு நிகரில்லை, அதில் வாதமில்லை. கட்டில், சாப்பாட்டு மேசை, கதிரை வாங்கப் போகிறீர்கள் என்றால் அங்கேயே போங்கள். பெரிய இடங்களில் சூளையில் உலர்த்திய மரம் கிடைக்கும், டிசைனுக்கும் குறைவில்லை. கதவு யன்னல் என்றால் நான் ஒத்துவரமாட்டேன். 250 கிலோமீற்றருக்கு மேல் லொறியில் வந்திறங்கும் கதவு உங்கள் நிலைக்குப் பொருந்தாவிட்டால் அதை இங்கே சீவப்போவது உள்ளூர் ஓடாவிதான், அதுவும் "ஆர் செய்த வேலைக்கு ஆர் பதில் சொல்றது" என்ற முகத்தோடு. மலிவாகக் கிடைக்கும் இறப்பர் மரத் தளபாடம் மருந்தேற்றியதா என்று கேளுங்கள், ஏற்றாவிட்டால் உளுத்துப்போகும். ஏற்றியிருந்தாலும் விறாந்தையில், மழைச்சாரல் படும் இடத்தில் வைக்காதீர்கள். அதற்கு வழமையாக ஏற்றும் போரோன் மருந்து தண்ணியில் கரைந்து வெளியேறக் கூடியது. மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப் பலகையில் செய்த குசினி அலுமாரி பற்றி ஒரு வரி போதும்: கீழ்க்கரை ஒரு தரம் நனைந்தால் ஊதிவிடும், பிறகு இறங்காது.

அலுமினியம் போடலாமே என்பவர்களுக்கு: குளியலறைக்கும் குசினிக்கும் தாராளமாகப் போடுங்கள். பவுடர் கோட்டிங் தரமாக இல்லாவிட்டால் உப்புக் காற்றில் அதுவும் புள்ளி புள்ளியாக அரிக்கும்.

யாரைப் பிடித்தாலும் பிணைச்சலையும் திருகாணியையும் நீங்களே வாங்கிக் கொடுங்கள். மிச்சம் பிடிக்க எல்லாரும் கை வைக்கும் இடம் அதுதான். பொன்னிறத்தில் மினுங்கும் "பித்தளை" பாதிக்குப் பாதி பூச்சுப் பூசிய இரும்பு. சாவிக்கொத்தில் ஒரு சின்னக் காந்தம் வைத்திருங்கள். ஒட்டினால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். கடலைப் பார்த்த பக்கத்துக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 316 தரம் கேளுங்கள். அதில் சேரும் மொலிப்டினம் உப்புக்கு எதிராக நிற்கும். கடைகளில் வழமையாக இருக்கும் 304 கடலோரத்தில் தேத்தண்ணிக் கறை மாதிரி நிறம் மாறத் தொடங்கும். அது உள் அறைகளுக்குப் போதும். தேக்கில் சாதாரண இரும்பாணி அடித்தால் ஆணியைச் சுற்றிக் கறுப்பாக வடியும். ஆணி துருவேறிப் பருத்து, மரத்தையும் பிளக்கும்.

கதவு பூட்டுகிற மாதத்தையும் பாருங்கள். ஆவணியில் பூட்டும் கதவுக்கு இடைவெளி கொஞ்சம் தாராளமாக விடவேண்டும், அது மாரியில் விரியும். மார்கழியில் பூட்டினால் இறுக்கமாக வைக்கலாம். இதை நீங்கள் சொல்லித்தான் ஓடாவிக்குத் தெரியவேண்டும் என்றால் ஆளை மாற்றுங்கள்.

என் தெரிவு கலப்புத்தான்: மரம் நானே வாங்கிக் காயவைத்து, அரிந்து சீவுவதையும் ஒரே அளவு யன்னல்களையும் பட்டறைக்குக் கொடுத்து, நிலை நிறுத்துவது, கதவு பூட்டுவது, சுவரோடு ஒட்டிய வேலைகள் எல்லாவற்றையும் கூலி ஓடாவியிடம் விடுவது. கொஞ்சம் அலைச்சல். ஆனால் மரத்துக்கு ஒருவரை ஒருவர் குறை சொல்ல வழியில்லை.

முழுவதையும் பட்டறைக்கே கொடுப்பதென்றால் கடதாசியில் மரத்தின் இனம், நிலையின் தடிப்பு, வெள்ளை கூடாது, விளிம்புகளுக்கும் பூச்சு, பிணைச்சலின் தரம் எல்லாம் எழுதுங்கள். காசை மூன்று பங்காகப் பிரித்து, கடைசியில் பத்துவீதத்தைத் தைப்பொங்கல் கழியும்வரை கையில் வையுங்கள். அதற்குள் மாரி முடிந்து, இறுகுவது இறுகியிருக்கும், வந்து சீவிக் கொடுத்துவிட்டு வாங்கிக்கொண்டு போகட்டும். இதற்கு ஒத்துக்கொள்ளாத பட்டறைக்காரரும் இருக்கிறார்கள். அவர்களிடம் கட்டிலும் மேசையும் செய்விக்கலாம், கடலைப் பார்த்த வாசலைக் கொடுக்கமாட்டேன்.