மண் சுவரில் சாகஸ் பூச்சி: மருந்தடிப்பதா, சுவரைப் பூசுவதா?

மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலாவின் கிழக்கே ஹுத்தியாப்பா பகுதியில், தட்டி கட்டி மண் அப்பிய வீடுகளுக்குள், இதயத்தைப் பாதிக்கும் சாகஸ் நோயைப் பரப்பும் இரத்தம் உறிஞ்சும் பூச்சி குடியேறிவிட்டால் வழி இரண்டு. ஒன்று பைரித்ராய்டு என்ற வகைப் பூச்சிக்கொல்லி மருந்தடிப்பது. மற்றொன்று சுவரையும் தரையையும் சந்து இல்லாமல் பூசிவிடுவது. என் ஓட்டு பூச்சுக்கு. ஆனால் வீட்டில் இருப்பது எந்தப் பூச்சி என்று முதலில் தெரிந்தாக வேண்டும்.

கூரை ஓலையில் வாழும் ரோட்னியஸ் புரோலிக்சஸ் என்றால் மருந்தே போதும். அந்நாட்டில் அதற்கு வீட்டை விட்டால் வேறு இடமில்லை. 2000-இல் ஜப்பான் உதவியோடு தொடங்கிய தெளிப்பில் அது ஒடுங்கியது. அதன் வழியே நோய் பரவுவது நின்றதாக 2008-இல் சான்றும் கிடைத்தது. ட்ரையடோமா டிமிடியாட்டா அப்படியல்ல. அந்த மண்ணிலேயே பிறந்த பூச்சி அது. கற்குவியல், மரப்பொந்து, கோழிக்கூடு எல்லாம் அதற்கு வீடுதான். வீட்டுக்குள் இருப்பதைக் கொன்றாலும் வெளியிலிருந்து அடுத்தது வரும்.

மருந்தின் கணக்கு எளிது. 10 லிட்டர் டேங்கில், பைரித்ராய்டு வகையான டெல்டாமெத்ரினின் 2.5 சதவீத எஸ்.சி. (நீரில் நுண்துகளாய் மிதக்கும் வகை) 250 மி.லி. கலக்க வேண்டும். சதுர மீட்டருக்கு 40 மி.லி. கரைசல் விழுந்தால் 25 மி.கி. மருந்து சுவரில் நிற்கும்; ஒரு டேங்க் 250 சதுர மீட்டருக்கு வரும். நாசில் சுவரிலிருந்து 45 செ.மீ. தள்ளி, ஒரே வேகத்தில் நகர வேண்டும். எண்ணெய்க் கரைசலான இ.சி. வகையை மண் சுவர் உறிஞ்சிவிடும், எஸ்.சி. அல்லது நனையும் தூள் வகைதான் மேற்பரப்பில் தங்கும். ஒரே நாளில் வேலை முடிந்துவிடும் என்பது பெரிய வசதி. ஆனால் முட்டைகள் பெரும்பாலும் தப்பிவிடும். சில மாதங்களில் வீரியம் குறையும். வெயிலும் மழையும் படும் கோழிக்கூட்டில் இன்னும் சீக்கிரம். சுண்ணாம்படித்த சுவரின் காரத்தன்மையும் மருந்தைச் சிதைக்கும். ஆகவே தெளிப்பை ஆண்டுக்காண்டு திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். தெளிப்புக் குழு வராத ஆண்டில் பூச்சி வந்துவிடும்.

பூச்சு, சுவர்ச் சந்துகளில் பூச்சி ஒளியும் இடத்தையே எடுத்துவிடுகிறது. சான் கார்லோஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்த ஊர்களில் உள்ளூர் மண், மணல், சுண்ணாம்பு, எரிமலைச் சாம்பல் கொண்டே இதைச் செய்து காட்டினார்கள். முதலில் மருந்தடித்து உள்ளிருப்பதைக் கொல்ல வேண்டும்; பிறகுதான் கரணை. உதிரும் மண்ணைக் கம்பித் தூரிகையால் சுரண்டி, ஓட்டைகளை அடைத்து, சுவரை நன்றாக நனைக்க வேண்டும். காய்ந்த சுவரில் அப்பினால் சாந்தின் ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும், பூச்சு பொருக்கு பொருக்காகப் பெயரும்.

முதல் பூச்சுக்குக் களிமண் 1 பங்கு, மணல் 2 முதல் 3 பங்கு, நறுக்கிய வைக்கோல் கொஞ்சம். கனம் ஒரு செ.மீ. அளவு. மண்ணுக்கு மண் பங்கு மாறும். அதனால் மூன்று கலவையை உள்ளங்கை அளவு சுவரில் அப்பி, நன்றாகக் காயும் வரை விட்டுப் பாருங்கள். விரிசல் விட்டால் மணல் கூட்டவும். தேய்த்தால் பொடியாய் உதிர்ந்தால் களிமண் கூட்டவும். அடுத்தது சலித்த மண்ணும் நீற்றிய சுண்ணாம்பும் சேர்ந்த மெல்லிய பூச்சு, கடைசியில் வெள்ளை. தரைக்குச் சுண்ணாம்பும் எரிமலைச் சாம்பலும் கலந்து இடித்துக் கெட்டித்து, ஈரச் சாக்கு போட்டு மெதுவாக இறுக விட வேண்டும். மண் தரை போனால், உடம்பெல்லாம் புழுதி பூசி மறையும் பூச்சிக் குஞ்சுகளுக்கு அந்த மறைப்பும் போகும்.

சிமெண்ட் பூச்சு வேண்டவே வேண்டாம். மண் சுவரோடு அது ஒட்டாது. தட்டினால் டொக்கு டொக்கென்று சத்தம் வரும். அந்த வெற்றிடத்துக்குள் பூச்சி நிம்மதியாகக் குடியிருக்கும், மருந்தும் எட்டாது.

பூச்சுக்கு ஆள் கூலியும் பல நாள் உழைப்பும் உண்டு. ஓலைக் கூரைக்கு அது ஒன்றும் செய்யாது. கோழி உள்ளேயே அடைந்தால் பூச்சிக்கு இரையும் உள்ளேயே இருக்கும். கூட்டை வெளியே தள்ளிப் போட்டால்தான் பயன். மற்றபடி பராமரிப்பில் பூச்சுதான் வெல்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை, மழை ஓய்ந்ததும், மூன்று இடங்களைப் பார்த்தால் போதும்: தெறிப்பு படும் சுவரடி, கதவுச் சட்டத்தின் ஓரம், சுவரும் கூரையும் சேரும் விளிம்பு. அரை வாளிச் சாந்தில் வீட்டுக்காரரே ஒட்டுப்போட்டுவிடலாம்.

வெள்ளைச் சுவரில் இன்னொரு லாபம், பூச்சி வந்தால் உடனே தெரியும். கட்டிலுக்குப் பின்னே விரிசலுக்குக் கீழ் கறுப்பும் வெள்ளையுமாய் வழிந்த எச்சக் கோடு இருக்கிறதா பாருங்கள். நோய்க்கிருமி இருப்பது அந்த எச்சத்தில்தான். கடித்த இடத்தைச் சொறியும்போது உடம்புக்குள் போகிறது. கோடு தெரிந்தால் வெறுங்கையால் தொடாமல், டார்ச் அடித்து விரிசலுக்குள் பாருங்கள்.