கிரிகரி பெக் படங்கள்: டவுனில் வாங்கிய பழைய டிவிடி

நெல்லை டவுன் ரத வீதிப் பக்கம் பழைய டிவிடி விற்கும் அண்ணாச்சியிடம், ஹாலிவுட் நடிகர் கிரிகரி பெக்கின் மூன்று படங்களைச் சேர்த்து 150 ரூபாய்க்கு வாங்கினேன்.

‘ரோமன் ஹாலிடே’ (1953) பிரிண்ட் அருமை. கருப்பு வெள்ளையில் ரோம் தெருக்கள் பளிச்சென்று தெரிகின்றன. பொய் சொன்னால் கையைக் கடித்துவிடும் என்று சொல்லப்படும் கல் முகத்தின் வாய்க்குள் கையை விட்ட பெக், கை போய்விட்டதுபோல் சட்டைக்கைக்குள் மறைத்துக்கொள்வார். நாயகி ஆட்ரி ஹெப்பர்ன் அலறுவது நடிப்பே இல்லை, அவருக்கு முன்கூட்டிச் சொல்லவே இல்லையாம். அதுவரை பெரிதாக அறியப்படாத அந்தப் பெண்ணின் பெயரைத் தன் பெயருக்குச் சமமாகப் போடச் சொன்னவரும் பெக்தான். நம்ம ஊர் ஹீரோக்கள் யாராவது செய்வார்களா, தெரியவில்லை. ஆட்ரிக்கு அந்தப் படத்திலேயே ஆஸ்கர் கிடைத்தது. பெக்குக்கு ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ (1962) வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த வட்டும் இதில் உண்டு. வக்கீலாக வரும் பெக் கோர்ட்டில் தோற்றுத் தனியாக வெளியேறும்போது, மாடியில் கறுப்பின மக்கள் ஒவ்வொருவராக எழுந்து நிற்பார்கள். சத்தத்தைக் கூட்டி வைத்துப் பாருங்கள். சப்டைட்டில் மட்டும் கொஞ்சம் பிந்தி வருகிறது.

‘மெக்கன்னாஸ் கோல்டு’ (1969) அமெரிக்காவில் சரியாக ஓடாத படம், இந்தியாவில் சக்கைப்போடு போட்டது. ஆனால் மலை இடிகிற இடத்தில் வட்டு திக்கித் திக்கி நிற்கிறது. மாற்றித் தருவதாக அண்ணாச்சி சொல்லியிருக்கிறார். வாங்குபவர்கள் கடையிலேயே ஒருமுறை ஓட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள், கேட்டால் போட்டுக் காட்டுவார்.