ஆறு வருடக் கராத்தே: போன கையும் நின்ற கையும்

போன வாரம் மஸ்கெலியாவிலிருந்து சித்தப்பா மகன் போன் எடுத்தான். "அண்ணே, எங்க சின்னவன் ஸ்கூல்ல தினமும் யாரையாவது அடிச்சிட்டு வாறான். கராத்தேயில சேர்த்தா அடங்குவானா, இல்ல இன்னும் மோசமாயிடுமா?" என்று கேட்டான். மகளை ஆறு வருடமாக ஹட்டனில் கராத்தே வகுப்புக்குக் கூட்டிப் போய் வருகிறேன். வெள்ளை பெல்டில் தொடங்கியவள் இப்போது பிரவுன் பெல்ட். அப்படியிருந்தும் அவனுக்கு உடனே பதில் சொல்ல வாய் வரவில்லை. யோசித்ததை இங்கே எழுதுகிறேன்.

கட்டணம், பெல்ட் பரீட்சைக் காசு, பஸ் செலவு எல்லாம் பிள்ளை வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்த கணக்குதான். உடுப்பைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. மே மாதம் மழை பிடித்துவிட்டால் எங்கள் டிக்கோயாவில் அந்தத் தடித்த வெள்ளைத் துணி லேசில் காயாது. அடுப்புக்கு மேலே கயிறு கட்டித்தான் காய வைக்கிறோம். மகள் வகுப்புக்குப் போவதே புகை வாசனையோடுதான்.

நான் எதிர்பார்க்காத ஒன்று அந்த வகுப்பில் கிடைத்தது. அங்கே அடிக்கக் கற்றுக்கொடுப்பார்கள் என்று நினைத்துத்தான் சேர்த்தேன். அவர்கள் நாள் கணக்காகக் கற்றுக்கொடுத்தது நிறுத்துவதை. இரண்டு பிள்ளைகள் எதிரெதிரே நிற்பார்கள். ஒருத்தியின் குத்து முழு வேகத்தில் மற்றவளின் முகத்தை நோக்கி வரும், தோலுக்கு ஓர் அங்குலம் முன்னால் நின்றுவிடும். ஜப்பானிய மொழியில் அதற்கு சுன்தோமே என்று பெயர். மெதுவாகக் குத்தி நிறுத்தினால் கணக்கில்லை. வேகம் முழுதாக இருக்க வேண்டும், கையும் நிற்க வேண்டும். 2022இல் இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் வெட்டினார்களே, அந்த நாட்களில் இவள் மெழுகுதிரிக்கு முன்னால் நின்று பழகினாள். கை திரியைத் தொடக்கூடாது, காற்று மட்டும் போய்ச் சுடரை அணைக்க வேண்டும். அணையும் ஒவ்வொரு தடவையும் அம்மாக்காரி இருட்டில் நெருப்புப்பெட்டியைத் தேடுவாள்.

அப்புறம் போன வருடம் நடந்தது. மகளுடைய விஞ்ஞானக் கொப்பியில் தம்பி தேத்தண்ணியைக் கொட்டிவிட்டான். சாதாரண தரப் பரீட்சைக்கு எழுதி வைத்த குறிப்பு எல்லாம் ஊறிப்போனது. நான் குசினி வாசலில் நின்றிருந்தேன். அவள் திரும்பினது தெரிந்தது, கை போனது தெரியவில்லை. பார்க்கும்போது குத்து தம்பியின் கன்னத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. நடுவே ஒரு விரல் நுழையாது. அவன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தான். அவள் கை நடுங்கவில்லை. கையை இறக்கிவிட்டு, கொப்பியை எடுத்துக்கொண்டு இஸ்தோப்புக்குப் போய்விட்டாள்.

அன்று இரவு எனக்கும் மனைவிக்கும் பெரிய வாக்குவாதம். "கை நின்னுச்சு, பாத்தியா?" என்றேன் நான். "கை போச்சு, அதப் பாத்தீங்களா?" என்றாள் அவள். ஒரு வருடமாகியும் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. கராத்தே பழகாத அக்காமாரும் தம்பிமாரை அடிக்கத்தான் செய்கிறார்கள். எங்கள் தோட்ட லயத்து வீடுகளில் அது தினமும் காதில் விழும் சத்தம். ஆனால் அவர்கள் கை இவ்வளவு வேகமாகப் போகாது. இவ்வளவு சுத்தமாக நிற்கவும் நிற்காது.

இந்த நிறுத்தம் எங்கள் சென்சேய், அதாவது கராத்தே ஆசிரியர், கண்டுபிடித்தது இல்லை. ஒகினாவாவில் பள்ளி ஆசிரியராக இருந்து, 1922இல் டோக்கியோவுக்குக் கராத்தேயைக் கொண்டுபோன கிச்சின் ஃபுனகோஷி "கராத்தேயில் முதல் அடி இல்லை", அதாவது நாமாக முதலில் அடிக்கக்கூடாது என்றுதான் சொல்லிவைத்தார். அவர் வழி வந்த ஷோட்டோகான் பாணியில் பிள்ளைகள் முதலில் பழகும் ஐந்து ஹெயான் கத்தாக்களும் (தனியாக நின்று வரிசையாகச் செய்யும் அசைவுகள்) தடுப்பில்தான் தொடங்குகின்றன, ஒன்றுகூட அடியில் தொடங்குவதில்லை. டோக்கியோ ஒலிம்பிக்கில் 2021 ஆகஸ்ட் 7ஆம் தேதி நடந்த ஆண்கள் கனரகப் பிரிவு இறுதிப் போட்டியை மகள் என் போனில் காட்டினாள். சவூதியின் தாரெக் ஹமேதி 4-1 என்று முன்னால் இருந்தார். அவர் விட்ட உதையில் ஈரானின் சஜ்ஜாத் கன்ஜ்சாதே நினைவில்லாமல் விழுந்தார். தங்கம் விழுந்தவருக்குப் போனது. கட்டுப்பாடு இல்லாத அடி என்று உதைத்தவரை நீக்கிவிட்டார்கள். "அதுதான் அப்பா சரி" என்றாள் மகள். அந்த ஒரு சொல்லுக்காகவே ஆறு வருடக் காசும் தகும் என்று அன்றைக்கு நினைத்தேன்.

இப்போது என் கோபத்துக்கு வருகிறேன். வகுப்பில் இப்படிச் சொல்லிக்கொடுப்பவர்கள் போட்டி வந்துவிட்டால் வேறு ஆட்களாகி விடுகிறார்கள். ஆறு வருடமாக என்னை உறுத்துவது இதுதான். போட்டிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே கத்தா ஓரமாகப் போய்விடும், முழு நேரமும் குமித்தே எனும் நேருக்கு நேர் சண்டைதான். வகுப்பு முடிவில் கண்ணை மூடி உட்காரும் அந்த இரண்டு நிமிடத்துக்கும் நேரமில்லை. போன ஞாயிற்றுக்கிழமை ஒரு போட்டி. எங்கள் வகுப்புப் பையன் ஒருவன் தன்னைவிடச் சின்னப் பிள்ளையின் மூக்கில் குத்திவிட்டான். வெள்ளை உடுப்பின் நெஞ்சில் இரத்தம் சொட்டியது. நடுவர் ஓர் எச்சரிக்கையோடு விட்டுவிட்டார். எங்கள் பிள்ளைகள் இருந்த பக்கத்தில் கைதட்டல். பயிற்சி கொடுத்த பெரியவர் அந்தப் பையனின் முதுகில் தட்டிக்கொடுத்தார். ஒருவர்கூட அவனைக் கூப்பிட்டு, "உன் கை ஏன் நிக்கல?" என்று கேட்கவில்லை. என் மகள் கைதட்டினாளா என்று நான் பார்த்தேன். தட்டவில்லை. ஆனால் நான் பார்க்க வேண்டி வந்ததே, அதுதான் எனக்கு வலிக்கிறது.

இதை அந்தக் காலத்திலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் மைக்கேல் டிரல்சன் என்பவர், குற்றப் போக்குள்ள பையன்களை மூன்று குழுவாகப் பிரித்து ஆறு மாதம் கவனித்து 1986இல் எழுதினார். தியானமும் மரியாதையும் சேர்ந்த பழைய முறையில் டேக்வாண்டோ என்ற கொரியச் சண்டைக் கலையைப் பழகியவர்களிடம் மூர்க்கம் குறைந்தது. சண்டை நுட்பம் மட்டும் பழகியவர்களிடம் கூடியது. அதே கலை, அதே உதை. எங்கள் மண்டபத்தில் இந்த இரண்டு வகுப்பும் ஒரே கூரையின் கீழ், மாதத்துக்கு ஒன்றாக மாறி மாறி நடக்கின்றன.

ஆகவே தம்பி, உன் மகனை இப்போதைக்குச் சேர்க்காதே. அவனுக்கு எட்டு வயது, கை ஏற்கெனவே நீள்கிறது. அதை நிறுத்தச் சொல்லிக்கொடுக்கும் ஆள் வருடம் முழுக்க அதே ஆளாக இருக்க வேண்டும். நோர்வூட், மஸ்கெலியாப் பக்கம் அப்படி ஒருவர் இருந்தால், முதலில் நீ மட்டும் போட்டி மாதத்தில் ஒரு நாள் போய் மூலையில் உட்கார்ந்து பார். யாருக்காவது அடி பட்டால் அவர் யாரிடம் முதலில் போகிறார் என்று பார். விழுந்த பிள்ளையிடம் போனால் அன்றைக்கே பேரைப் பதிந்துவிடு.

என் மகளை நிறுத்துவேனா என்று நீ கேட்பாய். மாட்டேன். நிறுத்து என்று மனைவியும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை நடந்ததைப் பற்றி அந்தப் பெரியவரிடம் நேரில் பேசப் போகிறேன். சனிக்கிழமை இரண்டு மணிக்கு வகுப்பு. உடுப்பு இன்னும் ஈரமாகத்தான் இருக்கிறது, இப்போதுதான் அடுப்புக்கு மேலே திருப்பிப் போட்டேன்.